ஹீட் பம்ப் பராமரிப்பு: வீட்டில் நாமே செய்ய வேண்டியவை, மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி, கோடையில் ஏசியாகவும் ஓடும் எங்கள் ஹீட் பம்பில் கோளாறு இருக்கிறது என்று முதலில் சொன்னது மின் கட்டண ரசீதுதான். வீடு எப்போதும்போல் கதகதப்பாக இருந்தது. தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரி வைத்தால் 21 காட்டியது. வித்தியாசமான சத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஓடிய மின் யூனிட், முந்தைய வருடத்தைவிட ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. காரணத்தைத் தேடிப்போய் ஃபில்டரை உருவினால், கம்பளித் துணி மாதிரி ஒரு தூசிப் படலம் கையோடு வந்தது. வெளியே போய்ப் பார்த்தால் வெளி யூனிட்டின் பின்பக்கம் முழுக்கச் சருகும், துணி டிரையரிலிருந்து பறந்து வந்த பஞ்சும். பாதி வேலையை ஹீட் பம்ப் செய்ய, மீதியை உள்ளே இருந்த மின் ஹீட்டர் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள் மாதிரிதான் இந்த இயந்திரம். படுக்கிற வரை வெளியே காட்டாது. அதனால் ‘ஓடுகிறதே, அப்புறம் என்ன’ என்று விட்டுவிடக் கூடாது. ஓடும்போதே கவனிக்க வேண்டும்.

எங்கே கவனிப்பது என்று தெரிய, அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிக்காற்று 5 டிகிரியில் இருந்தாலும் அதில் வெப்பம் உண்டு. வெளி யூனிட்டின் காயிலுக்குள் (மெல்லிய தகடுகள் கோத்த வளைகுழாய்) ஓடும் கேஸ், அதாவது வெப்பத்தைச் சுமந்து செல்லும் குளிர்பதன வாயு, அதைவிடவும் குளிர்ந்திருப்பதால் அந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்தக் கேஸை அமுக்கிச் சூடேற்றுகிறது. உள் யூனிட்டின் காயில் வழியாக அந்தச் சூடு அறைக்குப் போகிறது. கோடையில் நான்கு வழி வால்வு ஒன்று கேஸ் ஓடும் திசையைத் திருப்பிவிட, அதே இயந்திரம் ஏசி ஆகிறது. வெப்பத்தைத் தயாரிக்காமல் இடம் மாற்றுவதால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 முதல் 4 யூனிட் வரை வெப்பம் கிடைக்கிறது. துணைக்கு உள்ளே இருக்கும் மின் ஹீட்டரில் (துணை ஹீட்டர்) ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான்.

இவ்வளவும் இரண்டு காயில்களின்மேல் காற்று தாராளமாக ஓடுவதை நம்பியே இருக்கிறது. காற்று குறைந்தால் கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்கும், போதாததற்கு ஹீட்டர் கை கொடுக்கும், நமக்கு எதுவும் தெரியாது. நன்றாகப் பராமரித்த ஹீட் பம்புக்கும் அறவே கவனிக்காமல் விட்டதற்கும் மின் செலவில் 10 முதல் 25 சதவீதம் வரை வித்தியாசம் வரும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பராமரிப்பில் பெரும்பகுதி, காற்றும் தண்ணீரும் போகிற வழியை அடைப்பில்லாமல் வைத்திருப்பதுதான். அதற்கு மெக்கானிக் தேவையில்லை.

முதலில்: உங்களிடம் இருப்பது எது?

சுவரில் மாட்டிய ஸ்ப்ளிட், டக்ட் வழியாக வீடு முழுவதற்கும் காற்று அனுப்பும் வகை, ரேடியேட்டருக்கோ தரைக்கு அடியில் ஓடும் குழாய்க்கோ சுடுதண்ணீர் அனுப்பும் வகை என்று மூன்று பெரிய பிரிவுகள். வெளி யூனிட் பற்றிய பகுதிகள் மூன்றுக்கும் பொது. தண்ணீர் வகைக்கென்று தனிப் பகுதி பின்னால் வருகிறது. உங்கள் மாடலின் கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நான் சொல்வதும் அதுவும் முரண்பட்டால் கையேடு சொல்வதே சரி.

மின்சாரத்தை நிறுத்துவது

கழுவுவதற்கோ மூடியைத் திறப்பதற்கோ முன், தெர்மோஸ்டாட்டை அல்லது ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். பிறகு அதற்கான பிரேக்கரையும், வெளி யூனிட் பக்கத்தில் ஐசொலேட்டர் சுவிட்ச் இருந்தால் அதையும் அணையுங்கள். ரிமோட்டில் மட்டும் அணைத்தால் போதாது. விசிறி எந்த நேரமும் தானாகச் சுழலத் தொடங்கலாம்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை யூனிட்களில் அது இறங்க பல நிமிடங்கள் ஆகும். ஆகவே வயர்கள் இருக்கும் மின்பெட்டியின் மூடியை நீங்கள் திறக்கவே வேண்டாம். இந்த வழிகாட்டியில் உள்ள எந்த வேலைக்கும் அது தேவைப்படாது.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பல யூனிட்களில் கம்ப்ரஸரின் அடியில் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும். இயந்திரம் ஓடாதபோதும் அது மின்சாரம் எடுத்துக்கொள்ளும். குளிரில் கம்ப்ரஸர் ஆறிப்போனால் திரவமான கேஸ் அதற்குள் வந்து எண்ணெயோடு கலந்து தேங்கிவிடும், அந்த நிலையில் ஓடத் தொடங்கினால் கம்ப்ரஸர் அடிபடும். இதைத் தடுக்கத்தான் அந்த ஹீட்டர். எனவே குளிர்காலத்தில் ‘ஊருக்குப் போகிறோம்’ என்று பிரேக்கரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். மின்சாரம் நீண்ட நேரம் இல்லாமல் இருந்து திரும்ப வந்தால், பிரேக்கரைப் போட்டுவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம்வரை ஹீட் பம்பை ஓட விடாமல் காத்திருங்கள். கம்பெனியைப் பொறுத்து 6 மணி நேரமும் இருக்கலாம், 12 மணி நேரமோ அதற்கு மேலும் இருக்கலாம்.

ஃபில்டர்: மாதம் ஒருமுறை

ஏசி கோடையில் மட்டும் ஓடும். ஹீட் பம்ப் இரண்டு பருவத்திலும் ஓடுகிறது. ஆகவே ஃபில்டர் அழுக்காவதும் அந்த வேகத்தில்தான். மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வலை வழியாக வெளிச்சம் தாராளமாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் மூன்று வாரத்திலேயே மங்கிவிடும்.

ஸ்ப்ளிட் யூனிட்டின் பிளாஸ்டிக் வலை என்றால், முதலில் வேக்குவம் கிளீனரால் தூசி படிந்த முகத்தை உறிஞ்சுங்கள். பிறகு வலையைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக விடுங்கள். வந்த வழியாகவே தூசி திரும்பிப் போய்விடும். முன்பக்கத்திலிருந்து அடித்தால் வலைக் கண்களுக்குள் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், வலை நெளிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. நிழலில் முழுக்க உலர விட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சைக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி.

டக்ட் வகையில் அட்டைச் சட்டம் போட்ட ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். பொதுவாக 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை. சட்டத்தில் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். அது ப்ளோயரை (டக்டுக்குள் காற்றைத் தள்ளும் விசிறி) பார்த்து இருக்க வேண்டும். ‘ரொம்ப நல்ல ஃபில்டர்’ என்று அடர்த்தியானதை வாங்கிப் போடுவதில் ஓர் ஆபத்து உண்டு. நுண்ணிய தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் காற்றையும் கூடுதலாகத் தடுக்கும். உங்கள் ப்ளோயரும் டக்டும் தாங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மெர்வ் 13 (ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதைக் காட்டும் எண்) போன்றவற்றுக்குப் போக வேண்டாம்.

அடைத்த ஃபில்டர் குளிர்காலத்தில் ஒருவிதமாகவும் கோடையில் வேறுவிதமாகவும் தொல்லை கொடுக்கும். குளிர்காலத்தில் உள் காயிலின் சூட்டை எடுத்துப் போகக் காற்று போதாமல் கேஸின் அழுத்தம் ஏறும், சில சமயம் இயந்திரம் தற்காப்புக்காகத் தானே நின்றுவிடும். கோடையில் அதே காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, மேலே ஐஸ் கட்டும். உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது என்று பதறுகிற பலருக்கும் மூலகாரணம் அழுக்கு ஃபில்டர்தான்.

உள் யூனிட்டும் காற்று வரும் வாய்களும்

ஃபில்டரைக் கழற்றிய கையோடு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். காயிலின் மெல்லிய தகடுகள் பளிச்சென்று தெரிய வேண்டும். காற்று வெளிவரும் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் உருளை வடிவ விசிறி ஒன்று தெரியும். அதன் இதழ்களில் கரும்புள்ளிகள் அப்பியிருந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. புளித்த வாடை அங்கிருந்துதான் வருகிறது. இதைப் பிரித்துக் கழுவுவது மெக்கானிக் வேலை. கடையில் விற்கும் ஸ்ப்ரேயைக் கண்டபடி அடித்தால் அது மின் அட்டைமேல் படலாம், கரைந்த அழுக்கு டிரெய்னை அடைத்துவிடவும் கூடும். வராமல் தடுக்க நம்மால் முடிவது, கோடையில் குளிர்வித்து முடித்த பிறகு அரை மணி நேரம் விசிறியை மட்டும் ஓட விட்டு உள்ளே உலர வைப்பது. சில மாடல்கள் இதைத் தாமே செய்கின்றன.

டக்ட் வீட்டில், பயன்படுத்தாத அறையின் காற்று வாயை மூடி வைத்தால் மிச்சம் என்று நினைப்பது தவறு. டக்டுக்குள் அழுத்தம் ஏறி, மொத்தக் காற்றோட்டமும் குறையும். காற்றை உள்ளிழுக்கும் பெரிய வாயின் முன்னால் சோபா, திரைச்சீலை எதுவும் நிற்கக் கூடாது.

டிரெய்ன் பைப்

கோடை தொடங்கும் முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை பார்த்தால் போதும். உள் காயிலில் வியர்க்கும் தண்ணீர் ஒரு தட்டில் விழுந்து பைப் வழியாக வெளியேறுகிறது. அந்தப் பைப்பில் வழவழப்பான பாசி சேர்ந்து அடைக்கும். தட்டில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, வெளி முனையில் அதே அளவு வருகிறதா என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் வெளி முனையில் வேக்குவம் கிளீனரை (ஈரம் உறிஞ்சும் வகையாக இருக்க வேண்டும்) வைத்து ஒட்டுத் துணியைச் சுற்றி இழுங்கள். டக்ட் வகையில் பைப்பின் திறப்பு வழியாக ஒரு கோப்பை வெள்ளை வினிகரை ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட்டு அலசலாம். பிளீச் வேண்டாம், அதன் ஆவி உலோகத்தை அரிக்கும்.

வெளி யூனிட்: வருடத்தில் இரண்டு நாள் இதற்கு ஒதுக்குங்கள்

என் அனுபவத்தில் அதிகப் பலன் தருவது இந்த வேலைதான். அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். வெளியே இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

முதலில் சுற்றுப்புறம். யூனிட்டைச் சுற்றிக் குறைந்தது 60 சென்டிமீட்டர் காலியாக இருக்கட்டும். செடி, விறகு, சைக்கிள், அழகுக்காகப் போட்ட மரத்தடுப்பு எதுவானாலும் காற்றை மறிக்கும். மேல்நோக்கி ஊதும் வகை என்றால் தலைக்கு மேல் ஒன்றரை மீட்டராவது திறந்திருக்க வேண்டும். முன்னால் தடுப்பு இருந்தால், குளிர்காலத்தில் யூனிட் ஊதித் தள்ளிய குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே வெப்பம் எடுத்து முடித்த காற்றில் மறுபடி என்ன கிடைக்கும்?

அடுத்தது காயில். கிட்டே போய்ப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் சீப்புப் பற்கள்போல நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காகிதத் தாள் அளவுக்குத்தான் தடிமன், அவ்வளவுதான். விரலால் அழுத்தினாலே மடங்கிவிடும். அந்த இடுக்குகளுக்குள்தான் மகரந்தம், புல் துணுக்கு, பஞ்சு, பூச்சி இறகு எல்லாம் புகுந்து ஒரு மெத்தை மாதிரி படிகிறது. முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. ஸ்ப்ளிட் வகையில் காயில் பின்பக்கமும் ஒரு பக்கவாட்டிலும் இருக்கும். சுவருக்கும் யூனிட்டுக்கும் இடையில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

கழுவும் முறை இது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, பெரிய சருகுகளைக் கையால் எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி கீறும். மென்மையான பிரஷ்ஷை மேலிருந்து கீழாக, தகடுகள் ஓடும் திசையிலேயே இழுங்கள். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் வரிசையாக மடங்கும். பிறகு தோட்டத்து ஹோஸில் சாதாரண வேகத்தில் தண்ணீர். மேலே ஊதும் வகையில், விசிறியோடு சேர்ந்த மேல்மூடியைக் கழற்றத் தெரிந்தவர் இருந்தால், உள்ளிருந்து வெளியே அடிப்பது நல்லது. அழுக்கு வந்த வழியே வெளியேறும். கழற்றும்போது விசிறியின் வயர் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழக்கமில்லை என்றால் திறக்க வேண்டாம். வெளியிலிருந்தே, தகடுகளுக்கு நேராக, மேலிருந்து கீழாகப் பொறுமையாக நனைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் கறுப்பாக வழியும், பிறகு சாம்பல் நிறம், கடைசியில் தெளிவாகும். தெளிந்த பிறகும் ஐந்து நிமிடம் விடுங்கள். உள் வரிசையில் இருப்பது தாமதமாகத்தான் வெளிவரும்.

கார் கழுவும் பிரஷர் வாஷரைக் கொண்டு வராதீர்கள். இரண்டு நொடியில் ஒரு கையகலத்துக்குத் தகடுகள் படுத்துவிடும். பிசுக்கு இருந்தால் காயிலுக்கென்றே விற்கும், அமிலமில்லாத கிளீனரைப் பயன்படுத்தி நன்றாக அலசுங்கள். மின்பெட்டி இருக்கும் பக்கத்தில் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம். மழையைத் தாங்குகிறதே என்பீர்கள். மழை மேலிருந்து விழுகிறது, ஹோஸ் தண்ணீர் பக்கவாட்டு இடுக்கில் ஏறுகிறது.

மடங்கிய தகடுகளை நிமிர்த்த ஃபின் சீப்பு கிடைக்கும். பத்துப் பதினைந்து மடங்கியிருந்தால் அதைத் தொட வேண்டியதே இல்லை. ஒரு பெரிய திட்டு படுத்திருந்தால் மட்டும் நிமிர்த்துங்கள்.

கடலோர வீடு என்றால் கணக்கு வேறு. உப்புக் காற்று அலுமினியத்தை அரிப்பதால் மாதம் ஒருமுறையாவது வெறும் நல்ல தண்ணீரால் காயிலை நனைத்து அலசுவது யூனிட்டின் ஆயுளைக் கூட்டும்.

கழுவி முடித்ததும் அடித்தட்டைப் பாருங்கள். தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். சருகும் மண்ணும் அவற்றை அடைத்திருந்தால் ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள். கோடையில் இது சின்ன விஷயம். குளிர்காலத்தில் இதே அடைப்பால் தட்டில் தேங்கிய தண்ணீர் உறைந்து உயர்ந்து, விசிறி இதழைத் தட்டும் அளவுக்குப் போகும். யூனிட் சாய்ந்திருக்கிறதா என்று ஒரு ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்துவிட்டால் வெளி வேலை முடிந்தது.

பனி படிவது எப்போது சரி, எப்போது தவறு

முதல் குளிர்காலத்தில் எல்லோரையும் பயமுறுத்துவது இது. வெளியே 5 டிகிரிக்குக் கீழே போய், காற்றில் ஈரமும் இருந்தால், வெளி காயிலின் தகடுகளில் வெள்ளையாக மெல்லிய பனி படியும். காயில் உறைநிலைக்குக் கீழே இருப்பதால் காற்றின் ஈரம் அதில் ஒட்டி உறைகிறது. இது கோளாறு இல்லை. சிறிது நேரம் கழித்து இயந்திரம் தானே திசையைத் திருப்பி, வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தில் கொஞ்சத்தை வெளியே அனுப்பிக் காயிலைச் சூடாக்கும். அப்போது வெளி விசிறி நிற்கும், ‘புஸ்ஸ்’ என்று வால்வு மாறும் சத்தம் கேட்கும், யூனிட்டிலிருந்து வெண்புகை மாதிரி நீராவி எழும், அடியில் தண்ணீர் ஓடும். சில நிமிடங்களில், அதிகம் போனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். புகை என்று நினைத்துப் பாதியில் அணைத்துவிடாதீர்கள். பாதி உருகிய பனி மறுபடி இறுகும்.

காயில் முழுவதையும் பளிங்குப் பாளம் மாதிரி ஐஸ் மூடி, சில மணி நேரம் ஆகியும் கரையவில்லை என்றால்தான் பிரச்சினை. மேலே கூரையிலிருந்து தண்ணீர் யூனிட்மேல் சொட்டுகிறதா, பனிக்குவியல் பக்கங்களை மறைத்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, அடித்தட்டு வடிகிறதா என்று இந்த நான்கையும் பாருங்கள். எதுவும் இல்லை என்றால் சென்சாரோ, நான்கு வழி வால்வோ, கேஸ் குறைவோ இருக்கலாம். அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஐஸை எடுக்கக் கத்தி, சுத்தியல், திருப்புளி எதுவும் கூடாது. உள்ளே ஓடும் குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும், பழுதுச் செலவு புது யூனிட்டை யோசிக்க வைக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றினால் கரையும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் உறைந்து வழுக்குமே, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனி கொட்டும் ஊரில் யூனிட் தரையில் உட்காரக் கூடாது. வழக்கமாகப் பெய்யும் பனியின் உயரத்துக்கு மேலே நிற்கும்படி ஸ்டாண்ட் போட வேண்டும். குளிர்காலத்துக்கென்று யூனிட்டுக்கு உறை மாட்டி மூடுவது ஏசிக்குச் சரி. ஹீட் பம்புக்கு அது மூச்சை அடைப்பது.

தண்ணீர் சூடாக்கி அனுப்பும் வகை

காற்றுக்கு ஃபில்டர் என்றால் தண்ணீருக்கு அழுத்தமும் வடிகட்டியும். அழுத்தம் காட்டும் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான வீடுகளில், குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 2 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருக்கும். வருடத்தில் ஓரிரு முறை கொஞ்சம் நிரப்ப வேண்டி வந்தால் பரவாயில்லை. அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது தண்ணீர் சூடாகி விரியும்போது இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டியில் காற்று போய்விட்டது. நிரப்பிக்கொண்டே இருப்பது தீர்வு ஆகாது. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் உள்ளே போய் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

அந்தத் துருதான் காந்த ஃபில்டரில் கறுப்புக் களிம்பாகச் சேர்கிறது. வருடம் ஒருமுறை அதைச் சுத்தம் செய்ய வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, ஃபில்டரின் இருபுறமும் உள்ள வால்வுகளை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, அடியில் ஒரு வாளியை வைத்துத் திறங்கள். காந்தத்தை வெளியே உருவினால் களிம்பு தானாக விழும். அலசி மாட்டி, வால்வுகளைத் திறந்து, காற்றை வெளியேற்றி, அழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு ஓட விடுங்கள். பக்கத்திலேயே வலை வடிகட்டி இருந்தால் அதையும் இதே முறையில். தண்ணீர் ஓட்டம் குறைவு என்று வரும் பல எரர்கள் இந்த வலை அடைப்பால்தான்.

வெளியே நிற்கும் யூனிட்டுக்குள்ளேயே தண்ணீர் ஓடும் வகை என்றால், கடும் குளிரில் மின்சாரம் போனால் அது உறைந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. அதற்காக உறையாமல் தடுக்கும் கிளைகால் என்ற திரவத்தைக் கலந்திருப்பார்கள், அல்லது தண்ணீர் சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் தானே திறந்து வடித்துவிடும் வால்வு போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் இரண்டில் எது என்று தெரிந்து வைத்திருங்கள். கிளைகால் காலப்போக்கில் கெட்டு அமிலமாக மாறும். வருடச் சர்வீஸில் அதன் செறிவையும் அமிலத்தன்மையையும் அளக்கச் சொல்லுங்கள். வால்வு என்றால் அதைத் துணி சுற்றி மூடிவிடாதீர்கள், வெளிக்குளிர் அதற்குத் தெரிந்தால்தான் வேலை செய்யும்.

குளிக்கும் தண்ணீர்த் தொட்டியை அவ்வப்போது 60 டிகிரிக்குச் சூடாக்கும் அமைப்பு இருக்கும். மிச்சம் பிடிக்க நினைத்து அதை அணைக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். நுரையீரலைத் தாக்கும் கிருமி அது.

‘கேஸ் குறைந்திருக்கிறது’ என்று சொன்னால்

முன்பு குடியிருந்த வீட்டில், இரண்டு வருடம் தொடர்ந்து சர்வீஸுக்கு வந்தவர் ‘கேஸ் கம்மியா இருக்கு’ என்று நிரப்பிவிட்டுப் போனார். பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மூன்றாவது வருடம் வேறொருவர் வந்தார். கேஜை எடுப்பதற்கு முன் டார்ச்சை எடுத்தார். வெளி யூனிட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் வந்து சேரும் பித்தளை நட்டுகளைச் சுற்றி வெளிச்சம் அடித்தார். ஒன்றின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தூசி ஒட்டிய ஈரக் கறை. ‘இது தண்ணி இல்ல சார், எண்ணெய்’ என்று விரலால் தடவிக் காட்டினார். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தே ஓடுகிறது. கேஸ் கசிந்தால் காற்றில் கலந்துவிடும், எண்ணெய் மட்டும் அடையாளமாக நிற்கும். சோப்புத் தண்ணீர் தடவியதும் மெல்ல ஒரு குமிழ் ஊதி வந்தது. அந்த முனையை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கி, வேக்குவம் இழுத்து, தராசில் எடை பார்த்துக் கேஸ் ஏற்றினார். அதன் பிறகு நாங்கள் வீட்டைக் காலி செய்கிற வரை கேஸ் நிரப்பவே இல்லை.

மூடிய சுற்று அது. கேஸ் தீராது. குறைந்திருந்தால் கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்ப வருபவரிடம் ‘எங்கே கசிகிறது என்று முதலில் பாருங்கள்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். பல ஹீட் பம்புகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில், ஏறத்தாழ 2,088 கிலோ கரியமில வாயு செய்யும் அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32 என்ற இன்னொரு கேஸுக்கு அந்த எண் 675. இப்போது பரவிவரும் ஆர்-290 என்பது புரொப்பேன்தான். சூழலுக்குக் கெடுதல் மிகக் குறைவு, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே கேஸ் பக்கம் நாம் கை வைப்பதே இல்லை. நாம் செய்வது, வருடத்தில் இரண்டு முறை அந்த நட்டுகளைச் சுற்றி எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பதும், குழாயைச் சுற்றிய கறுப்பு ஃபோம் கிழிந்திருந்தால் மாற்றுவதும் மட்டும்தான்.

தெர்மோஸ்டாட் பழக்கமும் ஒரு நோட்டும்

ஹீட் பம்ப் ஊதும் காற்று பெரும்பாலும் 30 முதல் 40 டிகிரிக்குள்தான் இருக்கும். நம் தோலின் சூடே 33 டிகிரி அளவில் இருப்பதால், கையை நீட்டினால் ‘சூடே இல்லையே’ என்று தோன்றும். அது இயல்பு. மெதுவாக, நிறைய நேரம் ஓடும்படிதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். இரவில் 16-க்கு இறக்கிவிட்டுக் காலையில் 21-க்கு ஏற்றினால், துணை ஹீட்டர் உள்ள வீடுகளில் அந்த இடைவெளியை நிரப்ப ஹீட்டர்தான் ஓடும், இரவில் மிச்சம் பிடித்தது போய்விடும். ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். தெர்மோஸ்டாட்டில் ‘எமர்ஜென்சி ஹீட்’ என்று ஒரு நிலை இருக்கும். அது ஹீட் பம்பை நிறுத்திவிட்டு ஹீட்டரை மட்டும் ஓட்டுவது. யாராவது தெரியாமல் அதில் விட்டிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

இயந்திரம் மறைப்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அளவு இருக்கிறது. பதினைந்து நிமிடம் சீராக ஓடிய பிறகு, ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் காற்று உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் வாயிலும் வைத்து இரண்டுக்கும் வித்தியாசம் பாருங்கள். குளிர்விக்கும்போது பொதுவாக 8 முதல் 12 டிகிரி வரும். சூடாக்கும்போது வெளிக்குளிரைப் பொறுத்து மாறும். அதனால் வெளியே எத்தனை டிகிரி என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தேதி, வெளி வெப்பநிலை, உள்ளே போவது, வெளியே வருவது, அந்த மாத மின் யூனிட் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த வருடம் அதே குளிரில் அதே எண் வருகிறதா என்பதுதான் கேள்வி. 16 வந்த இடத்தில் 11 வந்தால், வீடு எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் ஏதோ அடைத்திருக்கிறது. அன்று எங்களிடம் இந்த நோட்டு இருந்திருந்தால் அந்த ரசீதுவரை போயிருக்காது.

வருடம் ஒருமுறை மெக்கானிக்

குளிர்காலத்துக்கு முந்தைய மாதம் நல்லது. கடும் குளிர் வந்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். வருபவர் ஃபில்டரைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனால் அது சர்வீஸ் இல்லை. அவர் வயர் இணைப்புகளை இறுக்கிப் பார்க்க வேண்டும், கெப்பாசிட்டரையும் கான்டாக்டரையும் (கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) அளக்க வேண்டும், கம்ப்ரஸர் எடுக்கும் ஆம்பியரைக் குறிக்க வேண்டும், சூடு-குளிர் இரண்டிலும் ஓட்டி நான்கு வழி வால்வு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும், பனி நீக்கும் சுற்றைச் சோதிக்க வேண்டும், துணை ஹீட்டர் தேவையில்லாத நேரத்தில் ஓடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். எண்களை எழுதித் தரச் சொல்லி உங்கள் நோட்டில் ஒட்டுங்கள்.

பொதுவாக இந்த இயந்திரங்களுக்கு 15 வருடம் அளவில் ஆயுள் சொல்வார்கள். சூரிச் நகர மன்றக் கட்டடத்தில், பக்கத்து லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுக்கும்படி 1938-இல் அமைத்த ஹீட் பம்ப் 2001 வரை பயன்பாட்டில் இருந்தது. நம் வீட்டுப் பெட்டியை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் கவனித்து வந்தால் இந்த வகை இயந்திரம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

உடனே அணைக்க வேண்டிய நேரம்

பிரேக்கர் ஒருமுறை விழுந்தால் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் விழுந்தால் தொடாதீர்கள். வயர் கருகும் வாடை, உலோகம் உரசும் சத்தம், விசிறி சுற்றாமல் கம்ப்ரஸர் மட்டும் உறுமுவது, கரையாத ஐஸ் பாளம் என இவற்றில் எது கண்டாலும் பிரேக்கரில் அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். போனில் பேசும்போது மாடல் எண், திரையில் காட்டும் எரர் எண், கடைசியாக நோட்டில் எழுதிய அளவுகள் இந்த மூன்றையும் சொன்னால், வருபவர் தேவையான பாகத்தைக் கையோடு எடுத்து வருவார்.